நெடுந்தீவின் நீரும் படகும்



யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகப் போகிற வீதி குறிகட்டுவான் இறங்குதுறையோடு முடிந்துவிடும். அதற்கப்பால் நெடுந்தீவுக்குப் படகுதான். கடல் படிந்து கிடந்தால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். காற்றுப் பெலத்துவிட்டால் படகு ஓடாது.

சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான தீவு அது. பனைகள், மேய்ந்து திரியும் மட்டக்குதிரைகள், உள்ளே ஆள் நுழையக்கூடிய பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். என் கண்ணுக்கு அங்கே ஆக அழகானவை முருகைக்கல் வேலிகள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின் மேல் கல்லாகப் பார்த்துப் பார்த்து அடுக்கியவை. மண் மெல்லிய படை, தோண்டினால் கல். அந்தக் கல்லையே பெயர்த்துக் காணிக்கு எல்லை கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கல்லுக்குள்தான் தீவின் உயிரும் இருக்கிறது. நெடுந்தீவில் ஆறு கிடையாது. மாரிமழை சுண்ணாம்புப் பாறையின் துளைகள் வழியே இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. உப்புநீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால்தான் அது மேலே நிற்கிறது. கையால் அளவாக அள்ளினால் கிணறு தாங்கும். இயந்திரம் வைத்து இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். அதன்பிறகு அந்தக் கிணறு தேற நல்ல மழை வேண்டும். சாராப்பிட்டிக் கிணறுகள் நல்ல தண்ணீருக்குப் பேர்போனவை. ஆனாலும் கடும் கோடையில் குதிரைகள் தண்ணீரில்லாமல் செத்தும் இருக்கின்றன.

ஆகவே, தீவின் அமைதியைப் பார்த்து அங்கே வாழ்க்கை இலகு என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவருக்கு நோய் முற்றினால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகக் கடல் கடக்க வேண்டும். அரிசி, மருந்து, கட்டடச் சாமான் எல்லாம் படகில்தான் வரவேண்டும். அந்தக் கடல்வழிக்கு ஆறாத காயமும் உண்டு. 1985 மே 15 அன்று குமுதினி என்ற படகில் வந்த பயணிகள் பலர் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். அதே குமுதினி பின்னர் திரும்பவும் அந்த மக்களை ஏற்றி ஓடியது. ஏறாமல் இருக்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே ஊரை விடாமல் இருக்கிறவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். நம்பகமான படகும் குடிக்கத் தண்ணீரும் கேட்பது அவர்களுடைய உரிமை. சலுகை என்று யாரும் அதைச் சொல்லக்கூடாது.

நெடுந்தீவு பார்க்கப் போகிற நேயர்களே, கட்டாயம் போங்கள். குடிதண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வேலியில் ஒரு கல்லையும் அசைக்காதீர்கள். மாலைப் படகில் இடம் குறைவாக இருந்தால், நோயாளிகளையும் ஊரவரையும் முதலில் ஏறவிடுங்கள்.