பழைய கைத்தொலைபேசியும் புதிய செயலியும்

காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வீதி, மாவடிப்பள்ளியில் வயல்வெளிகளினூடே ஓடுகின்றது. 2024 நவம்பர் 26ஆம் திகதி வெள்ளம் அவ்வீதியை மேவிப் பாய்ந்தபோது, மத்ரசா மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரம் நீரில் அடித்துச் செல்லப்பட்டது; இளம் உயிர்கள் பல மாண்டன. அத்துயரத்துக்குக் கைத்தொலைபேசியைக் காரணம் கூறுதல் பொருந்தாது. ஆயினும், எச்சரிக்கை என்பது வீடுதோறும் சென்று சேரவேண்டிய ஒன்று என்பதை அந்நாள் இவ்வூருக்கு உணர்த்திற்று.

ஐந்து வாரங்கள் கழிந்தன. 2025 ஜனவரி 1 முதல் அன்ட்ரொயிட் 4.4 பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் வட்ஸ்அப் இயங்காதெனும் நிலை வந்தது. மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்த மகன், தான் பாவித்த கருவியை உம்மாவிடம் விட்டுச் செல்வது இக்கரையோர ஊர்களில் வழக்கம். அத்தகைய கருவிகளிற் சில அன்று ஊமையாயின. கருவி பழுதாகவில்லை, மென்பொருளே அதனைக் கைவிட்டது.

இது எவ்வாறு நிகழ்கின்றது? செயலியை ஆக்குவோர் அதனுள் இரண்டு எண்களைக் குறிக்கின்றனர். எந்தப் புதிய பதிப்பைக் கருத்திற்கொண்டு அஃது ஆக்கப்பட்டது என்பது ஒன்று. எந்தப் பதிப்புக்குக் கீழ் அஃது இயங்காது என்பது மற்றொன்று. முதலாம் எண்ணைக் காலந்தோறும் உயர்த்துமாறு கூகுள் நிறுவனத்தின் செயலிக்கடை கட்டாயப்படுத்துகின்றது. இரண்டாம் எண்ணோ ஆக்குவோரின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. இதனை அறிந்தும், வேலை குறையும் என்பதற்காக இரண்டையும் சேர்த்து உயர்த்திவிடுவோர் உளர். 2017இல் வந்த அன்ட்ரொயிட் 8, அறிவித்தல்களை வகைபிரித்து அனுப்பவேண்டுமென விதித்தது. முந்திய பதிப்புகளுக்கு அவ்விதி இல்லை. பதிப்பு யாதென முதலிற் பார்த்து, இரு வழிக்கும் இடம்வைத்து எழுதினால் போதுமானது. உழைப்புச் சற்றுக் கூடும். பழைய கருவிகளைத் தேடிப்பிடித்துச் சோதிக்கவும் வேண்டும்.

மனமிருந்தால் எத்துணை தூரம் செல்லலாம் என்பதற்கு ஒரு சான்று: இணையத்தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் நம்பியிருந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியாயிற்று. அன்ட்ரொயிட் 7.1.1க்கு முந்திய கருவிகள் புதிய மூலத்தை அறியா. ஆயின், மூலச் சான்றிதழின் முடிவுத் திகதியை அன்ட்ரொயிட் பார்ப்பதில்லை! அதனை உணர்ந்தோர், காலாவதியாகும் பழைய மூலத்தினாலேயே புதியதற்கு ஒப்பமிடுவித்து, அக்கருவிகளுக்கு மேலும் மூன்றாண்டு வாழ்வளித்தனர்.

வங்கிச் செயலி பழைய பதிப்பை விலக்குவதில் நியாயமுண்டு. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கருவியிற் பணத்தை நம்பிவைத்தல் ஆகாது. வானிலையும் ஆற்று நீர்மட்டமும் சொல்லும் செயலிக்கு அவ்விலக்கு எதற்கு? அங்கே கடவுச்சொல்லும் வேண்டியதில்லை, படங்களும் வேண்டியதில்லை, சில வரித் தமிழ் போதும்.

அத்தமிழைக் கருவிகள் அறியாதிருந்த காலமும் உண்டு. 2005இல் மலேசியப் பொறியியலாளர் முத்து நெடுமாறனின் செல்லினம் சிங்கப்பூரில் வெளிவந்தபோது, அது தனக்கு வேண்டிய தமிழெழுத்துகளைத் தானே சுமந்துகொண்டு கைத்தொலைபேசிக்குள் நுழைந்தது. கருவி மாறட்டும் எனக் காத்திராது, மக்கள் கையில் அன்றிருந்த கருவியிலேயே அவர் தமிழ்க் குறுஞ்செய்தியை ஓடச் செய்தார்.