கடல் கடக்கும் கைத்தொலைபேசி

புறக்கோட்டைப் புடைவை வணிகர் சரக்கெடுக்கத் தமிழகம் செல்வது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1914 முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் வரையில் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் ரயில் பிடித்தார்கள். வீட்டுக்குச் செய்தி சொல்லத் தபாலும் தந்தியுமே அன்று துணை. இன்று விமானமேறும் வணிகரின் சட்டைப்பையில் கைத்தொலைபேசி இருக்கிறது. கடையும் வங்கியும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன.

சென்னையில் இறங்கியதும் அக்கருவி அங்குள்ள ஒரு நிறுவனத்தின் கோபுரத்தைப் பற்றிக்கொள்கிறது. இதனையே ‘ரோமிங்’ என்பர். அந்நிறுவனம் கொழும்பு நிறுவனத்திடம் கணக்குக் கேட்கும். கொழும்பு நிறுவனம் வாடிக்கையாளரிடம் கேட்கும். பிறர் அழைத்துப் பேசினாலும், அழைப்பை ஏற்றவருக்கும் பொதுவாகக் கட்டணம் விழும். பேச்சினும் செலவு மிக்கது இணையம். உடையவர் உறங்கும்போதும் செயலிகள் உறங்குவதில்லை. தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டிருக்கும். ஆதலின் விமானமேறுமுன்பே ‘டேட்டா ரோமிங்’ வசதியை அணைத்துவிடுதல் வேண்டும்.

விமானமேறாமலே அந்நிய வலையில் அகப்படுவோரும் உளர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர் தூரமே உண்டு. தடையற்ற கடற்பரப்பில் வானலை அத்தூரத்தை எளிதிற் கடக்கும். தனுஷ்கோடி மணலில் நிற்கும் உல்லாசப் பிரயாணிக்கு இலங்கை நிறுவனம் நல்வரவு கூறுவதுண்டு. வரவேற்பு இலவசம், பின்வரும் கட்டணம் அப்படியன்று! கரையோரத்தில் இருப்போர் நிறுவனத்தைக் கருவியின் தெரிவுக்கு விடாது, தாமே தெரிந்தெடுத்து வைத்தல் நன்று.

செலவுக்கு அஞ்சி, இலங்கைச் சிம் அட்டையை வீட்டு மேசையிலே விட்டுச் செல்வோருக்கு வேறு சங்கடம் காத்திருக்கிறது. சவுகார்பேட்டையிற் சரக்குக் கட்டியாகிவிட்டது. பணம் செலுத்த வேண்டிய வேளையில் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ வெள்ளவத்தை மேசையிற் கிடக்கும் அட்டைக்கே சேரும். இரண்டு அட்டைகள் கொள்ளும் கருவியானால் இத்தொல்லை இல்லை. இலங்கை அட்டையைக் குறுஞ்செய்திக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேச்சுக்கும் இணையத்துக்கும் இந்திய அட்டையைப் பயன்படுத்தலாம். அதனை வாங்கக் கடவுச்சீட்டும் விசாவும் காட்ட வேண்டும். முற்பணக் கட்டண அட்டை உடையோர், ரோமிங் வசதி திறந்திருக்கிறதா என்பதைப் புறப்படுமுன் தம் நிறுவனத்திடம் கேட்டறிதல் அவசியம்.

செய்மதித் தொலைபேசி வைத்திருப்போர் அதனை இந்தியாவுக்குக் கொண்டுசெல்லலாகாது. முன்அனுமதியின்றி அதனை வைத்திருந்த அந்நியர் விமான நிலையங்களிலேயே கைதாகியுள்ளனர்.

திரும்பும்போது புதிய கருவி வாங்கிவர நினைப்பவர், நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி ஆகியவற்றை அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் தோன்றும். ஐ.எம்.இ.ஐ. என்ற எழுத்துகளையும் அவ்வெண்ணையும் இலங்கை அட்டையிலிருந்து 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அக்கருவி இலங்கையிற் பதிவானதா என்று அறியலாம். புறக்கோட்டைக் கடையில் வாங்குவோரும் காசை எண்ணிக் கொடுக்குமுன் இதனைச் செய்யலாம்.