சேவைக்கு முன் நம்பிக்கை

(புதுச்சேரி நகரின் ரோட்டரி சங்கம் ஒன்றின் வாராந்திரக் கூட்டத்தில், நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் சிறப்பு விருந்தினராகக் கலந்து கொண்டு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஜமாஅத்தினர் பலரின் வேண்டுகோளுக்கிணங்க இம்மலரில் வெளியிடப்படுகின்றது.)



 

உங்கள் அழைப்பு நமக்குக் கிடைத்தபோது ஜமாஅத்தில் இரண்டு விதமான கருத்துகள் எழுந்தன. "ஹஜ்ரத், நமக்கும் அந்தச் சங்கங்களுக்கும் என்ன தொடர்பு? போய் மாலையைப் போட்டுக் கொண்டு வருவதில் என்ன பயன்?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். "போய்ப் பேசிவிட்டு வாருங்கள், நல்லவர்கள் கூடும் இடந்தானே" என்றார் மற்றொருவர். இருவருக்கும் நாம் ஒரே பதிலைத்தான் கூறினோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன்னர் மக்காவில் நடந்த நிகழ்ச்சி அது. யமன் நாட்டிலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக் கொண்ட மக்காப் பிரமுகர் ஒருவர், அதற்குரிய விலையைத் தர மறுத்துவிட்டார். ஊர் தெரியாத, உறவு இல்லாத அந்த மனிதருக்காகச் சில குலத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்பவருடைய இல்லத்தில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கமே நிற்போம் என்று உறுதி பூண்டனர். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று வரலாறு அதனைக் குறிப்பிடுகின்றது. அவ்வில்லத்தில் நாயகம் அவர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் அதனைப் பெருமிதத்தோடு நினைவு கூர்ந்து, அத்தகைய உடன்படிக்கைக்கு இன்று அழைக்கப்பட்டாலும் தாம் செல்வோம் என்ற கருத்தைத் தெரிவித்தார்கள். கூடியவர்களின் கொள்கை எது என்று அவர்கள் பார்க்கவில்லை. கூடியதன் நோக்கத்தையே பார்த்தார்கள். அந்த முன்மாதிரியே நம்மை இங்கே அழைத்து வந்திருக்கின்றது.

சகோதரர்களே! சிறப்பு விருந்தினர் என்றால் புகழ்ந்து பேசுவதும், நினைவுப் பரிசு பெறுவதும், புகைப்படம் எடுத்துக் கொள்வதும் வழக்கம். நாம் அவ்வாறு செய்துவிட்டுப் போவது உங்களுக்கும் பயன் தராது, நமக்கும் பயன் தராது. ஆகவே உங்கள் இயக்கத்தின் மிகப் பெரிய பணி ஒன்றை எடுத்துக் கொண்டு, அதிலிருந்து நாம் கற்ற பாடத்தையும், அதில் நம்முடைய பிழை ஒன்றையும் உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

1905ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தம் நண்பர்கள் மூவரோடு தொடங்கிய கூட்டமே இன்று உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சம் உறுப்பினர்களைக் கொண்ட இயக்கமாக வளர்ந்துள்ளது. 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து வழங்கும் பணியை அது ஏற்றுக் கொண்டது. 1985இல் உலகம் முழுவதிலிருந்தும் அந்நோயை ஒழிக்கும் 'போலியோ பிளஸ்' திட்டத்தை அறிவித்தது. 1988இல் உலக சுகாதாரப் பேரவை அதே இலக்கை ஏற்றுக் கொண்டபோது, 125 நாடுகளில் ஆண்டொன்றுக்குச் சுமார் மூன்றரை இலட்சம் குழந்தைகளை அந்நோய் முடக்கிக் கொண்டிருந்தது.

இதில் தமிழகத்திற்கும் ஒரு பங்குண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி நாளில் மருந்து கொடுப்பதை விட, ஓர் ஊரின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் சொட்டு மருந்து கொடுத்தால், நோய்க் கிருமி தங்குவதற்குக் குடல் கிடைக்காமல் ஊரை விட்டே வெளியேறும் என்பது 'பல்ஸ்' முறையின் தத்துவம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் அவர்களும் அவர்தம் குழுவினரும் அந்நகரிலேயே இம்முறையைச் செயல்படுத்திப் பார்த்து, 1983இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதன் பயனை வெளியிட்டனர். 1986இல் தமிழகத்தில் முன்னோடித் தடுப்பு மருந்துத் திட்டத்திற்காக ரோட்டரி இயக்கம் 26 இலட்சம் டாலர் வழங்கியது. நாம் ஓதியதும் அதே வேலூரில்தான், பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில். ஓதிய காலம் முழுவதும் அதே ஊரில் நடந்த இந்தச் செய்தியை நாம் அறிந்திருக்கவில்லை. அருகில் நடந்த நன்மையைக் கேட்டறியாதது நமது குறையே.

1995இல் நாடு முழுவதும் பல்ஸ் போலியோ முகாம்கள் தொடங்கின. ஒரே சுற்றில் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் அளவுக்கு அப்பணி வளர்ந்தது. தென்மாநிலங்களில் நோய் விரைவாகக் குறைந்தது. ஆனால் 2002ஆம் ஆண்டில் நாட்டில் 1,600 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் முஸ்லிம் குழந்தைகளின் எண்ணிக்கை மக்கள்தொகை விகிதத்தை விட மிக அதிகம் என்பதை மறைக்காமல் இச்சபையில் கூறுகின்றோம்.

ஏன்? சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மகப்பேறு இல்லாமற் போகும் என்ற வதந்தி அங்கே பரவியிருந்தது. அதைக் கேட்டு அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவசர நிலைக் காலத்தில், 1976இல், வட மாநிலங்களில் கட்டாயக் கருத்தடை நடந்ததை நேரில் கண்ட தலைமுறை அங்கே உயிரோடு இருந்தது. தெருவில் சாக்கடை வசதி இல்லை. காய்ச்சலுக்கு மருந்து தர மருத்துவர் இல்லை. ஆனால் எவரும் கேட்காத சொட்டு மருந்து மட்டும் மாதந்தோறும் வாசலுக்கு வருகின்றது. 'இவர்களுக்கு நம் மீது திடீரென்று இவ்வளவு அக்கறை ஏன்?' என்று ஓர் ஏழைத் தாய் ஐயுற்றால், அந்த ஐயத்திற்கு ஒரு வரலாறு இருந்தது.

மருத்துவக் காரணமும் இருந்தது. கழிவுநீரும் குடிநீரும் கலக்கும் நெரிசலான பகுதிகளில் குழந்தைகள் ஓயாமல் வயிற்றுப் போக்கினால் அவதிப்பட்டார்கள். அக்குடல்களில் சொட்டு மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. எனவே பலமுறை கொடுக்க நேர்ந்தது. பலமுறை கொடுத்ததே சந்தேகத்தை மேலும் வளர்த்தது.

இந்த முடிச்சு எவ்வாறு அவிழ்ந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய இடம். அலிகர் முஸ்லிம் பல்கலைக் கழகம், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்து ஆகியவை இப்பணியில் இணைந்தன. தேவ்பந்து தாருல் உலூம் உள்ளிட்ட மார்க்கக் கல்விக் கூடங்களின் உலமாக்கள் ஆதரவுக் குரல் கொடுத்தனர். ரோட்டரி இயக்கத்தினர் உத்தரப் பிரதேசத்தில் உலமாக்கள் குழு ஒன்றையே அமைத்து, அவர்களைத் தங்கள் கூட்டங்களில் அமர வைத்து, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் முகாம் அறிவிப்புகள் ஒலித்தன. சொட்டு மருந்தோடு பிற நோய்களுக்கான மருத்துவ முகாம்களும் நடைபெற்றன. 2009இல் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நோய் நீங்காத 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்துத் தூய்மை, குடிநீர், வயிற்றுப் போக்குத் தடுப்பு ஆகியவற்றில் கவனம் செலுத்தினார்கள். 2010இல் மேலும் திறன் வாய்ந்த புதிய சொட்டு மருந்தும் வந்தது.

பயன் என்ன? 2009இல் 741 பேர். 2010இல் 42 பேர். 2011இல் ஒரே ஒரு குழந்தை. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு இளம்பிள்ளை வாதமற்ற நாடு என்று சான்றளிக்கப்பட்டது. மருந்து வெகு காலத்திற்கு முன்பே இருந்தது; பணமும் இருந்தது. எஞ்சியிருந்த கதவைத் திறந்தது அந்தத் தெருவினர் நம்பக் கூடியவர்களின் வாய்ச்சொல்.

இனி நமது பிழைக்கு வருகின்றோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழகத்தோடு நம் புதுச்சேரியிலும் தொடங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான ஊசி அது. கைப்பேசிகளில் வாட்ஸ்அப் வழியாக எத்தனையோ பயமுறுத்தல்கள் பரவின. ஒரு நாள் மாலை ஒரு தாயார் தம் மகளுடன் நம் வீட்டு வாசலுக்கு வந்து, "ஹஜ்ரத், பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ஊசி போட விடலாமா?" என்று கேட்டார்கள். நமக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "உங்கள் விருப்பம் போல் செய்யுங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டோம்.

நடுநிலையான பதில் போல் அது தோன்றும். உண்மையில் அது நடுநிலை அன்று. இமாம் தயங்குகிறார் என்றால் ஊசியில் ஏதோ இருக்கின்றது என்றே அந்தத் தாயார் விளங்கிக் கொண்டிருப்பார்கள். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் ஜமாஅத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் சென்று விவரம் கேட்டோம். கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா கண்டால் பிறக்கும் குழந்தைக்குப் பார்வையும் செவித்திறனும் இதயமும் பழுதாகக் கூடும் என்றும், பெண் பிள்ளைகளின் எதிர்காலத்தையே இந்த ஊசி காக்கின்றது என்றும் அவர் விளக்கினார். அடுத்த ஜுமுஆவில் அதை அறிவித்தோம். அந்தத் தாயார் வீட்டுக்கும் சொல்லி அனுப்பினோம். ஆயினும் இடைப்பட்ட நாட்களில் நம் தயக்கத்தைக் கேட்டுத் தயங்கியவர் எத்தனை பேர் என்பதை இறைவனே அறிவான். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த முதல் பாடம். அதை மக்களுக்கு ஓதிக் கொடுக்கும் நாமே அன்று மறந்துவிட்டோம்.

இதை இங்கே சொல்லக் காரணம், அந்த வாரம் உங்கள் சங்கத்து மருத்துவர் ஒருவரை நாம் அறிந்திருந்தால், அல்லது அவர் நம்மை அறிந்திருந்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் அந்த விஷயம் முடிந்திருக்கும் என்பதே. முல்லா வீதிக்கும் நீங்கள் கூடும் இந்த மண்டபத்திற்கும் நடந்தே வந்துவிடலாம். ஆனால் அதுவரை நாம் வந்ததில்லை; நீங்களும் வந்ததில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது: பணிக்கு முன் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்காலையும் நம் மீனவக் கிராமங்களையும் தாக்கியபோது நாடெங்கிலுமிருந்து உதவிகள் வந்து குவிந்தன. ஆனால் கடலோரத்தில் பல இடங்களில் பழைய துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரம் கிடந்தன. கொடுத்தவர் மனம் நல்லதே. கேட்காமல் கொடுத்ததால் அது குப்பையாயிற்று. எங்கள் தெருவில் ஒரு முகாம் நடத்த எண்ணினால், தேதியை முடிவு செய்வதற்கு முன் எங்களிடம் கேளுங்கள். நோன்பு மாதத்தில் பகல் நேரம் பொருந்துமா, பெண் மருத்துவர் இருந்தால் எத்தனை தாய்மார்கள் வருவார்கள் என்பதை ஜமாஅத்தினர் சொல்வார்கள்.

இரண்டாவது: திரும்பி வாருங்கள். கண் சிகிச்சை முகாம்களைப் பாருங்கள். 2003 முதல் தவளக்குப்பத்தில் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவற்றுடன் சேவைச் சங்கங்கள் இணைந்து நடத்தும் முகாம்கள் மக்களிடம் மதிப்புப் பெற்றதற்குக் காரணம் என்ன? முகாமில் பரிசோதித்ததோடு விடாமல், புரை உள்ளவர்களை அழைத்துச் சென்று, அறுவைச் சிகிச்சை செய்து, திரும்பக் கொண்டு வந்து விட்டு, பிறகும் பார்க்கின்றார்கள். பதாகை கட்டிய அன்றே முடிந்துவிடும் பணியை மக்கள் நினைவில் வைப்பதில்லை. தையல் இயந்திரம் கொடுத்தால், ஆறு மாதம் கழித்து அது ஓடுகின்றதா என்று பார்க்க ஒருவர் வரட்டும்.

மூன்றாவது: விருந்தினரை நண்பராக்கிக் கொள்ளுங்கள். வாரந்தோறும் ஒருவரை அழைத்துப் பேச வைக்கும் உங்கள் வழக்கம் மிக நல்ல வழக்கம். ஆயினும் பேசியவரின் தொலைபேசி எண் செயலாளரின் கோப்பில் மட்டும் உறங்கக் கூடாது.

நம் தரப்பிலிருந்து வாக்குறுதியும் தருகின்றோம். நலத்திட்டம் எதுவாயினும், மருத்துவர் ஒருவர் நமக்கு விளக்கிச் சொன்னால், அதை ஆராய்ந்து ஜுமுஆவில் அறிவிக்க நாம் ஆயத்தமாக இருக்கின்றோம். இரத்தம் தேவைப்படும் அவசர வேளைகளில் உதவக் கூடிய இளைஞர்களின் பட்டியலை ஜமாஅத் நிர்வாகம் தொகுத்துத் தரும். நோயாளி எந்தச் சமயத்தவர் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். நமக்குத் தெரியாத விஷயத்தில் தெரியாது என்று சொல்லவும், தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்லவும் இனி வெட்கப்பட மாட்டோம்.

அடுத்த வதந்தி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது வரும். வந்த பிறகு ஒருவரையொருவர் தேடுவதை விட, வருவதற்கு முன்பே அறிமுகமாகிக் கொள்வது அறிவுடைமை. அந்த அறிமுகம் இன்று தொடங்கியிருக்கின்றது. உங்கள் சங்கத்தார் ஒரு நாள் நம் பள்ளிவாசலுக்கு விருந்தினராக வர வேண்டும் என்று ஜமாஅத்தின் சார்பில் அழைக்கின்றோம். அன்று நீங்கள் பேசுங்கள், நாங்கள் கேட்கின்றோம்.

நம் ஊரின் பிள்ளைகள் அனைவரும் நோயின்றி, குறையின்றி வளர வல்ல இறைவன் நல்லருள் புரிவானாக. நல்ல காரியங்களில் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் மனப்பான்மையை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.

வஸ்ஸலாம்.