சந்தைக்கு வழி காட்டுவோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி ஆரம்பம் செய்கின்றோம்.

 

பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் புது ஊரில் வாழ்வை மறுபடி அமைத்துக் கொள்வது எவ்வாறு, அதில் அவ்வூராருடைய கடமை யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த முஹாஜிர்களையும், அவர்களை ஏற்ற அன்ஸாரிகளையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்த வரலாறு நம் பிள்ளைகளும் அறிந்தது. ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். அவரோ, உங்கள் பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக என்று வாழ்த்திவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டுமே கேட்டார். பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டப்பட்டது. நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தம் காலில் நின்றார்.

அதே அன்ஸாரிகள் தங்கள் பேரீச்சந் தோட்டங்களைப் பங்கிட்டுத் தர விரும்பியபோது நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. நிலம் உடையவர்களிடமே இருக்க, வந்தவர்கள் உழைப்பைத் தர, விளைச்சலை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். கொடுத்தவர் ஏழையாகவில்லை, பெற்றவர் இரவலராகவில்லை. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் தமிழ்நாட்டின் கதையைப் பார்ப்போம்.

பர்மாவில் 1962-ல் இராணுவ ஆட்சி வந்து, அடுத்த ஆண்டுகளில் வணிகம் அனைத்தும் அரசுடைமையாக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே கடை நடத்திய தமிழர்கள், நம் சமுதாயத்தார் உட்பட, கப்பலேறித் திரும்பினார்கள். அவர்களுக்குத் தெரிந்த தொழில் வணிகம். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே 1969-ல் அவர்களுக்குக் கடைகள் அமைந்தன. அதுவே பர்மா பஜார். சந்தைக்கு வழி காட்டியதற்கு நம் கண்முன் உள்ள சாட்சி அது.

அடுத்து இலங்கை மலையகத்தார். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய அந்த மக்களை அரசு கைவிட்டுவிடவில்லை. மண்டபத்தில் முகாம் இருந்தது. குடும்ப அட்டை தரப்பட்டது. தொழில் கடனும் தரப்பட்டது. ஆயினும் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த கைகளுக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்தால் என்ன ஆகும்? சரக்கு வாங்கும் இடம் தெரியாது, வாடிக்கையாளரைத் தெரியாது. பலருடைய கடன் பணம் கரைந்தது. அவர்கள் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் கூலி தேடிச் சென்றார்கள். மாறாக, 1968-ல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில், அதாவது இன்றைய டான்டீயில், வேலை பெற்றவர்கள் தாம் அறிந்த தொழிலையே செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். கை அறிந்த வேலையோடு பொருந்திய உதவி நின்றது. பொருந்தாத உதவி நிற்கவில்லை.

ஆனால் அங்கும் ஒரு குறை தங்கிவிட்டது. வேலையோடு வீடு வந்ததே தவிர வீட்டுக்குப் பட்டா வரவில்லை. 2022-ல் அத்தோட்டங்களின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர ஆணை பிறந்தபோது, அரை நூற்றாண்டு குடியிருந்தவர்களும் இனி நம் வீடு என்னாகும் என்று கலங்கினார்கள். வேலை மட்டும் போதாது, பதிவும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவதாக, 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் வந்த ஈழத் தமிழர்கள். பல கட்டங்களாக 3 லட்சத்திற்கும் அதிகமானோர் வந்தார்கள். 2021-ல் அரசு தந்த கணக்கின்படி 108 முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவற்றுள் ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. தற்காலிகம் என்று கட்டிய சிறு குடில்களிலேயே பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். 1984-ல் திரு. எஸ்.சி. சந்திரகாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளையே ஆசிரியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. 1991-க்குப் பின் நின்றுபோன உயர்கல்விச் சலுகை 1996-ல் மீண்டும் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 புதிய வீடுகள் கட்டவும், உதவித் தொகையை உயர்த்தவும் முன்வந்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்களுடைய பெருங்கவலை குடியுரிமையே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளை மட்டுமே குறிப்பிடுகிறது. அவற்றில் இலங்கை இல்லை. பட்டம் பெற்ற பிள்ளை அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் வர்ணம் பூசும் வேலைக்குச் செல்கிறான். ஆனால் 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு சகோதரி, இந்திய மண்ணில் 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற சட்டத்தைக் காட்டி, உயர்நீதிமன்றம் சென்று கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். அவருடைய வாழ்வைத் திருப்பியது ஒரு பிறப்புச் சான்றிதழ். அதை எங்கே, எப்படிக் காட்டுவது என்று அறிந்த ஒருவருடைய துணை.

இன்னும் ஓர் எச்சரிக்கையும் வரலாற்றில் உண்டு. 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தாருக்குத் தரப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் தங்கள் தோப்புகளையும் திறந்துவிட்டார்கள். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, தண்ணீருக்கும் பள்ளியிடத்திற்கும் கூலி வேலைக்கும் போட்டி உண்டாயிற்று. நிவாரணம் அவர்களுக்கு மட்டும்தானா என்று உள்ளூர் ஏழைகள் மனம் நொந்தார்கள். வந்தவருக்குச் செய்யும் உதவி இருந்தவருடைய வயிற்றில் அடிக்காமல் அமைய வேண்டும். பேரீச்சந் தோட்ட விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் காட்டிய நடுநிலை இதுவன்றோ!

அன்பிற்கினிய ஜமாஅத்தார்களே! நம் வட்டாரத்திற்கு இது புதிய பாடமன்று. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணிப் பகுதி அங்கே சென்றது. 1960 ஏப்ரல் 1-ல் தமிழகத்தோடு இணைந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு அவர்களைத் தாண்டி நடந்தது. எந்த அலுவலகம், எந்த மொழி, எந்தச் சான்று என்று அலைந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். இன்றும் நம் மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. எல்லைக்கு அப்பாலிருந்தும் பிழைப்புக்காக வருகிறார்கள். அவர்கள் எம்மதத்தாராயினும் நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாருக்குரிய ஹக்கு நம் மீது உண்டு.

ஆகவே ஜமாஅத்திற்கு மூன்று கோரிக்கைகளை வைக்கின்றோம்.

முதலாவது, வாரம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு மேசை. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் அங்கே அமர்ந்து, விண்ணப்பம் எழுதித் தரவும், கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் கூடவே செல்லவும் வேண்டும். வெளிமாநில உணவுப் பாதுகாப்பு அட்டை உடையவரும் நம் ரேஷன் கடையில் அரிசி, கோதுமை வாங்கலாம் என்ற திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழகத்தில் உள்ளது. இதை அறியாமல் வெளிக்கடையில் அதிக விலை கொடுப்பவர்கள் இருக்கலாம். சொல்லிக் கொடுப்பதும் ஸதகாவே.

இரண்டாவது, பிள்ளைகளின் படிப்பு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லையென்றோ மாற்றுச் சான்றிதழ் வரவில்லையென்றோ ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சேர்க்கை மறுக்கக் கூடாது. கைப்பிடித்து அழைத்துச் சென்று தலைமையாசிரியர் முன் நிறுத்த ஒரு பெரியவர் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, தொழில். ஜகாத்துக்குரிய சட்டம் தனி. அதை அதன் வழியில் செலவிடுவோம். ஸதகா நிதியிலிருந்து உதவும்போது மட்டும், அரிசி மூட்டையோடு நின்றுவிடாமல் முதலில் அவரிடமே கேட்போம்: உங்களுக்கு என்ன வேலை தெரியும்? தையல் தெரிந்தவருக்குத் தையல் இயந்திரம், சமையல் தெரிந்தவருக்குத் தள்ளுவண்டி. ஒன்றும் தெரியாதவரைத் தறி வைத்திருக்கும் நம் சகோதரர்கள் அழைத்து, தார் சுற்றவும் பாவு பிணைக்கவும் கற்றுத் தரலாம். ஆனால் உள்ளூர்க் கூலியைக் குறைப்பதற்காக அவர்களை வைத்துக்கொள்வது கூடாது. இருவருக்கும் ஒரே கூலி. உள்ளூர் ஏழைக்கும் இதே மேசை, இதே நிதி.

வந்தவரை வந்தவராகவே நாற்பது ஆண்டுகள் வைத்திருப்பதும், நான்கே ஆண்டுகளில் ஊராராக்கிக் கொள்வதும் அரசின் கையில் பாதி, ஊரின் கையில் பாதி. நம் கையிலுள்ள பாதியை நாம் செய்வோம். வருகின்ற ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கோடு, எத்தனை பிள்ளைகள் பள்ளி சேர்ந்தார்கள், எத்தனை பேர் சொந்தக் காலில் நின்றார்கள் என்ற கணக்கும் அச்சாகட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் ஊரை வருவோர்க்கு மதீனாவின் மனமுடைய ஊராக ஆக்குவாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.