உடைந்த வளையல்களின் ஊர்



சொற்களைச் சேர்த்து வைப்போர் கூடியுள்ள இந்த அவையில், உடைசல்களைச் சேர்த்து வைத்த ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. அவர் நேக் சந்த். 1924-இல் பிறந்தவர். பிரிவினையின்போது அவருடைய ஊர் பாகிஸ்தானுக்குள் போயிற்று. லே கொர்புசியே வகுத்த திட்டப்படி சண்டிகர் நகரம் எழும்பிக்கொண்டிருந்த 1950-களில், அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக அவர் பணியாற்றினார்.

அந்தப் புதுநகருக்காகச் சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. வீடுகளாய் இருந்தவை குப்பையாயின. பகலெல்லாம் நகரின் வேலை. பொழுது சாய்ந்ததும் மிதிவண்டியில் அந்தக் குப்பையையும் ஆற்றங்கரைக் கற்களையும் ஏற்றிச் சென்று, சுக்னா ஏரிக்கு அருகே, எவரும் கட்டடம் எழுப்பக் கூடாதென ஒதுக்கப்பட்ட காட்டுப் பள்ளத்தில் சேர்த்தார். ஊரை இழந்தவர், ஊர்களை அழித்த நகரின் ஊழியராக இருந்துகொண்டே, யாருக்கும் தெரியாமல் வேறோர் ஊரைக் கட்டினார்.

அவ்வூர் மக்களுக்குப் பழைய இரும்பும் மிதிவண்டிப் பாகங்களும் எலும்பு. சிமெண்டுக் கலவை தசை. பீங்கான் சில்லு தோல். பெண்ணுருவங்களின் ஆடையோ கண்ணாடி வளையல் துண்டுகளால் ஆனது. அருகே சென்று பார்த்தால் வளையல் வளையலாகவே தெரிகிறது. யாரோ ஒருத்தியின் கையில் ஒலித்து உடைந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. நல்ல உவமையிலும் பொருள் இப்படித்தானே தன் உருவம் கெடாமல் நிற்கிறது! குப்பையைக் கலைக்கூடத்தில் நிறுத்தி அதிர்ச்சியூட்டிய மேலைநாட்டார் உண்டு. இவரிடம் அந்த ஏளனம் இல்லை. கழிப்பறைப் பீங்கானும் இவர் கையில் மதிப்போடு சுவராகிறது. வாயில்களைத் தாழ்வாக வைத்தார். யாராயினும் குனிந்துதான் நுழைய வேண்டும்.

சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. அதை ஒளிக்கத் தேவையில்லை. 1970-களில் செய்தி வெளிப்பட்டபோது இடித்திருக்கலாம். இடிக்கவில்லை. 1976-இல் பாறைத் தோட்டம் என்ற பெயரில் மக்களுக்குத் திறந்து, அவருக்கே ஊதியமும் ஆட்களும் தந்தது நிர்வாகம். 1984-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

ஆனால் ஆபத்து விலகவில்லை. 1990-இல் சாலைக்காக இடிப்பு இயந்திரங்கள் வந்தபோது மக்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். 1996-இல் அவர் வெளிநாடு சென்றிருந்த வேளையில் சிற்பங்கள் பல சிதைக்கப்பட்டன. 2015-இல் நேக் சந்த் மறைந்தார். 2025-இல் உயர்நீதிமன்றப் பக்கத்துச் சாலையை அகலப்படுத்த வேண்டுமென்று, நகரத்தாரின் எதிர்ப்பையும் மீறித் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.