அகதியாவது தலையெழுத்தா?

(மாட்டுத்தாவணியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. கண்டதையும் கேட்டதையும் என் புத்திக்கு எட்டியவரை யோசித்துச் சொல்லுகிறேன்.

மாட்டுச் சந்தை கூடியதால் இந்த இடத்துக்கு மாட்டுத்தாவணி என்று பெயர். சந்தையில் ஒரு பசு கன்று ஈன்றால், அக்கன்று யாருடையது என்று எவரும் வழக்காடுவதில்லை. ஆனால் இதே மதுரை ஜில்லாவில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் பிறந்த பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை!

அப்படிப்பட்ட ஒரு வாலிபரைச் சந்தித்தேன். பிறந்தது மதுரை; பேச்சும் நம் பேச்சு. பி.காம். தேறியவர், பெயிண்ட் அடித்துப் பிழைக்கிறார். "அண்ணே, சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போட முடியாது, பாஸ்போர்ட் இல்லை, ஓட்டும் இல்லை" என்றார். பக்கத்திலிருந்த அவர் தாயார், "எல்லாம் எங்கட தலையெழுத்து, தம்பி" என்றார்.

தோழர்களே! எழுதியது யார் என்றுதான் நான் கேட்கிறேன். 1948-இல் தேயிலைத் தோட்டத் தமிழரின் பிரஜா உரிமையைப் பறித்தது ஒரு சட்டம். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றது மற்றொரு சட்டம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிக் கொளுத்தியவர்கள் கையில் இருந்தது பிரம்மாவின் ஏடா? வாக்காளர் பட்டியலல்லவா! பிறகு 2009 மே வரை யுத்தம். மூன்று லட்சம் பேருக்கு மேல் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இதில் கடவுள் செய்தது எது? எல்லாம் மனிதன் செய்ததே.

சரி, இங்கே எழுதியது யார்? 1987 ஜூலை 1 முதல் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்றது நம் சட்டம். 2019-இல் வந்த திருத்தமோ மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பொறுக்கி எடுத்தது. இலங்கை அந்த மூன்றில் இல்லை. முஸ்லிம் அந்த ஆறில் இல்லை. முகாமில் அம்மனைக் கும்பிடுகிறவரும் இருக்கிறார், மாதாவைக் கும்பிடுகிறவரும் இருக்கிறார். இருவருக்கும் கதவு அடைப்புத்தான். உயிருக்குத் தப்பி வந்தவனிடம் அவன் நாட்டையும் சாமியையும் கேட்பது என்ன நியாயம்?

2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்லதே. ஆனால் பெயர் மாறினால் வாழ்வு மாறிவிடுமா?

நம் யோக்கியதையையும் பார்ப்போம். மேடையில் "தொப்புள்கொடி உறவு" என்கிறோம். அந்த வாலிபர் வாடகைக்கு வீடு கேட்டால் "முகாம் ஆளா?" என்கிறோம், பெண் கேட்டால் "என்ன ஜாதி?" என்கிறோம். இதற்கு எந்தச் சர்க்காரைக் குறை சொல்வது?

விதி என்றால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். சட்டமென்றால் மாற்றலாம், மனிதன் எழுதியதை மனிதன் அழிக்கலாம். ஆகவே இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் பிரஜா உரிமை கொடு என்று, ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அவர்களுக்கு ஓட்டில்லை, உங்களுக்கு இருக்கிறது.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். ஒருநாள் ஆனையூருக்குப் போய்ப் பாருங்கள். பிறகு உங்கள் புத்தி சொல்வதைச் செய்யுங்கள்.