இருபது எழுத்துக்களும் ஒரு பிடிப் பருப்பும்

(ஆத்தூரில் விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வசிஷ்ட நதி பாயும் ஆத்தூரைச் சுற்றி மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகின்றன. மரவள்ளிக் கிழங்கு சேகோ ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாக வெளிவருகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. மக்காச்சோளமோ கோழித் தீவனத்தின் முதன்மைப் பொருள். அண்டையிலுள்ள நாமக்கல் பகுதி கோழிப்பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. அத்தீவனத்தில் மக்காச்சோளத்தோடு சோயாப் புண்ணாக்கைச் சேர்ப்பர். அதன் பின்னரும் லைசின், மெத்தியோனின் என்னும் இரு பொருள்களை எடையிட்டுக் கலப்பர். அவை குறைந்தால் பறவை வளராது என்பது தீவனம் தயாரிப்போர் நன்கறிந்த உண்மை.

கொல்லாமையை உயிராகப் போற்றும் இல்லங்களுக்கு இச்செய்தி வருத்தம் தருவதே. எனினும் அதனுள் சிந்திக்க வேண்டிய வினா ஒன்று உள்ளது. பறவையின் உணவில் லைசின் எவ்வளவு என்று கணக்கிடும் இதே மண்ணில், சோறும் ரசமும் மட்டும் உண்டு எழும் பாட்டியின் தட்டில் லைசின் எவ்வளவு என்று கணக்கிடுவோர் யார்? புலால் மறுத்தல் அறம். மறுத்தபின் உடலுக்குத் தேவையானதை அறிந்து உண்ணுதல் அவ்வறத்தைக் காக்கும் வழி. அதற்கு உதவும் அறிவே அமினோ அமிலங்களைப் பற்றிய அறிவு.

சமண முனிவரான பவணந்தியார் இயற்றிய நன்னூலைக் கற்றோர்க்கு இதனை விளக்குதல் எளிது. 12 உயிரும் 18 மெய்யும் ஆகிய 30 முதலெழுத்துக்களைக் கொண்டே தமிழின் சொற்கள் அனைத்தும் அமைகின்றன. அதுபோலவே உடலிலுள்ள எண்ணற்ற புரதங்கள் 20 அமினோ அமிலங்களைக் கொண்டு அமைகின்றன. தசையும் முடியும் குருதியிலுள்ள ஹீமோகுளோபினும் உணவைச் செரிக்கும் நொதிகளும் இந்த 20 எழுத்துக்களால் எழுதப்பட்ட சொற்களே.

இவ்வெழுத்துக்களுக்குப் பொதுவான வடிவம் உண்டு. நடுவில் ஒரு கார்பன் அணு. அதன் ஒரு கையில் அமினோ தொகுதி, மறு கையில் கார்பாக்சில் தொகுதி, மூன்றாம் கையில் ஒரு ஹைட்ரஜன். நான்காம் கையில் உள்ளது பக்கத்தொடர். பக்கத்தொடர் மாறுவதால்தான் ஓர் அமினோ அமிலம் மற்றொன்றிலிருந்து வேறுபடுகிறது. கிளைசினுக்குப் பக்கத்தொடர் வெறும் ஹைட்ரஜன் மட்டுமே. ஆதலின் இருபதில் மிகச் சிறியது அதுவே. புரோலின் மட்டும் தன் பக்கத்தொடரை வளைத்துத் தன் அமினோ தொகுதியோடு வளையமாகப் பிணைத்துக் கொண்டுள்ளது.

ஓர் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதி அடுத்ததன் அமினோ தொகுதியோடு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரங்களுள் இதனைக் கெடுதல் விகாரத்திற்கு ஒப்பிடலாம். ஒன்று கெட்டு இரண்டும் புணர்கின்றன. இப்புணர்ச்சிக்கு வேதியியல் தந்த பெயர் பெப்டைடு பிணைப்பு. உண்ட பருப்பு செரிக்கும்போது அந்நீர் மீண்டும் சேர்ந்து பிணைப்பு பிரிகிறது. சொல் எழுத்துக்களாகப் பிரிந்து, உடல் அவ்வெழுத்துக்களைக் கொண்டு தனக்குரிய சொற்களை எழுதிக்கொள்கிறது.

மெய்யெழுத்துக்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என இயல்பு நோக்கிப் பகுத்ததைப் போல, அமினோ அமிலங்களையும் பக்கத்தொடரின் இயல்பு நோக்கி நான்கு இனங்களாகப் பகுப்பர்.

முதலாவது, நீரை விரும்பாத இனம். கிளைசின், அலனின், வேலின், லியூசின், ஐசோலியூசின், மெத்தியோனின், புரோலின், பினைல்அலனின், டிரிப்டோபேன் ஆகிய ஒன்பதும் இதனைச் சாரும். எண்ணெய் நீரோடு கலவாது ஒதுங்குவது போல, இவ்வினத்தின் பெரிய பக்கத்தொடர்கள் நீரை விட்டு விலகிப் புரதத்தின் உள்ளே மறைகின்றன. புரதம் தனக்குரிய வடிவில் மடிவதற்கு இவ்விலகலே பெருங்காரணம்.

இரண்டாவது, நீரை விரும்பினும் மின்னூட்டம் இல்லாத இனம். செரின், திரியோனின், சிஸ்டீன், டைரோசின், அஸ்பராஜின், குளூட்டமின் ஆகிய ஆறும் இதில் அடங்கும். இவற்றுள் சிஸ்டீன் கந்தகம் உடையது. இரண்டு சிஸ்டீன்கள் கந்தகத்தோடு கந்தகம் கோத்துக்கொள்ளும். தலைமுடியின் உறுதிக்கு அக்கோப்பே காரணம்; முடி கருகும்போது எழும் நாற்றமும் அக்கந்தகத்தால் விளைவதே.

மூன்றாவது, அமில இனம். அஸ்பார்டிக் அமிலமும் குளூட்டாமிக் அமிலமும் இதனைச் சார்ந்தவை. உடலின் நிலையில் இவை எதிர்மின்னூட்டம் உடையவை.

நான்காவது, கார இனம். லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்னூட்டத்துடன் விளங்குகின்றன. ஹிஸ்டிடின் சூழலுக்கேற்ப மின்னூட்டத்தை ஏற்கவும் விடவும் வல்லது.

இவ்வியல்புகளை அடுக்களையிலேயே காணலாம். பாலின் முதன்மைப் புரதம் கேசின். புதிய பாலில் அதன் நுண்துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. உறை ஊற்றியபின் புளிப்பு ஏறி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.6-இலிருந்து 4.6-ஐ நெருங்குகிறது. அந்நிலையில் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சமனாகி, விலக்கும் விசை நீங்கித் துகள்கள் ஒன்றுகூடுகின்றன. தயிர் உறைகிறது. ஒவ்வொரு புரதத்திற்கும் இத்தகைய சமமின்புள்ளி ஒன்று உண்டு. திரட்டுப்பால் கிளறும்போது பழுப்பு நிறமும் மணமும் தோன்றுவதற்கு, லைசினின் பக்கத்தொடரில் உள்ள அமினோ தொகுதி பாலின் சர்க்கரையோடு வினைபுரிவது முக்கியக் காரணம். மிகவும் சிவக்கக் கிளறினால் லைசினின் ஒரு பகுதி உடலுக்குப் பயன்படாமல் போகும்.

இத்துறையில் தமிழகத்திற்கும் பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954இல் கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டார். தோலிலும் எலும்பிலும் நிறைந்துள்ள இப்புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. மூன்று இழைகளும் நெருங்கும் இடத்தில் பெரிய பக்கத்தொடர்க்கு இடமில்லை. அதனால் ஒவ்வோர் இழையிலும் மூன்றாம் இடந்தோறும் மிகச் சிறிய கிளைசினே நிற்கிறது. 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம் ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரோடு இன்றும் உலகெங்கும் புரத ஆய்வில் வழங்கி வருகிறது.

இந்தக் கொலாஜனைக் காய்ச்சிப் பெறுவதே ஜெலட்டின். மருந்துக் குப்பிகளிலும் சில இனிப்புகளிலும் இது கலந்திருப்பதால், உறையைப் படித்து வாங்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. விலங்கிலிருந்து கிடைப்பதாயினும் ஜெலட்டினில் டிரிப்டோபேன் இல்லை. ஆதலின், விலங்குப் புரதம் யாவும் முழுமையானது, தாவரப் புரதம் யாவும் குறையுடையது என்று பொதுப்படக் கூறுதல் பிழை. எந்த எழுத்து எவ்வளவு உள்ளது என்று பார்ப்பதே முறை.

அவ்வாறு பார்க்க உலகம் கற்றுக்கொண்டதும் மக்காச்சோளத்தின் வழியாகவே. அதன் முதன்மைப் புரதம் சீயின். அதை மட்டும் புரதமாக உண்ட எலிகள் நலிவதையும், டிரிப்டோபேன் சேர்த்தபோது நெடுநாள் தாங்குவதையும் 1906இல் இங்கிலாந்தில் வில்காக், ஹாப்கின்ஸ் ஆகியோர் கண்டனர். 1935இல் அமெரிக்காவில் வில்லியம் ரோஸ் திரியோனினைக் கண்டறிந்தார். அத்துடன் இருபதின் பட்டியல் நிறைவு பெற்றது. இருபதில் பதினொன்றை உடல் தானே செய்துகொள்ளும். ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், பினைல்அலனின், திரியோனின், டிரிப்டோபேன், வேலின் ஆகிய ஒன்பதையும் உணவே தர வேண்டும்.

பழைய அச்சகங்களில் ஈய எழுத்துக்களைக் கோத்ததை மூத்தோர் அறிவர். ‘ல’ தீர்ந்துவிட்டால், ஏனைய எழுத்துக்கள் பெட்டி நிறைய இருந்தும் பக்கம் முடிவதில்லை. உடலும் அவ்வாறே, ஒன்பதில் ஒன்று குறைந்தால், அக்குறையின் அளவுக்குப் புரத ஆக்கம் தடைப்படும். மிஞ்சியவை எரிபொருளாகக் கழியும்.

அரிசியில் அவ்வாறு குறைவது லைசின். வளர்ந்தவர்க்கு ஒரு கிராம் புரதத்தில் 45 மில்லிகிராம் லைசின் வேண்டும் என்பது 2007இல் உலக நலவாழ்வு அமைப்பு வெளியிட்ட அளவு. அரிசிப் புரதத்தில் இருப்பது ஏறத்தாழ 36. பருப்புப் புரதத்திலோ ஏறத்தாழ 65. ஆனால் பருப்பில் மெத்தியோனின் குறைவு. அது அரிசியில் போதிய அளவு உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

கணக்கிட்டே பார்க்கலாம். 75 கிராம் அரிசியில் புரதம் 5 கிராமுக்குச் சற்று மேல். 25 கிராம் துவரம்பருப்பிலும் அவ்வளவே. இரண்டும் சேர்ந்தால் ஒரு கிராம் புரதத்திற்கு லைசின் ஏறத்தாழ 50 மில்லிகிராம். அளவுகோலைத் தாண்டிவிட்டது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து சேர்த்த இட்லிக்கும் இதே விடைதான் கிடைக்கும். வெண்பொங்கலும் அடையும் பருப்புசாதமும் இக்கணக்கில் தேறுபவையே. லைசின் என்ற பெயர் தோன்றுவதற்கு முன்பே அடுப்பங்கரையில் நின்ற தாய்மார் வகுத்த விகிதம் இது.

இனி மொத்த அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தபடி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர்க்கு ஏறத்தாழ 50 கிராம். 300 கிராம் அரிசி, 100 கிராம் பருப்பு, கால் லிட்டர் பால் ஆகியவை அதனைத் தந்துவிடும். குறையெல்லாம் தட்டில்தான் நேர்கிறது. சாம்பாரில் பருப்பு கரைந்து நீர் பெருகுகிறது. ரசத்தில் தெளிவு மட்டுமே மிஞ்சுகிறது. முதுமையில் ‘செரிக்காது’ என்று பருப்பையும் ஒதுக்கினால் தசை தேய்ந்து நடை தளரும். நோயுற்றவர்க்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பது பல இல்லங்களின் வழக்கம். ஜவ்வரிசி வலிமைக்கான எரிபொருள் தரும். நூறு கிராமில் அரைக் கிராம் புரதம்கூட இராது. கிழங்கு விலக்கும் இல்லத்தார் அதை இழந்ததாக எண்ண வேண்டியதில்லை. பிறர் அதைப் பாலில் காய்ச்சலாம். அல்லது பாசிப்பருப்புக் கஞ்சியோடு மாற்றி மாற்றித் தரலாம்.

அரிசியும் பருப்பும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. ஒரு நாளுக்குள் சேர்ந்தால் போதும். காலையில் விட்டதைக் கதிரவன் மறையுமுன் ஒரு கிண்ணம் சுண்டலால் ஈடுசெய்யலாம். வளரும் குழந்தைக்கு லைசின் தேவை சற்று மிகுதி. பாலும் தயிரும் அதனை நிரப்பும். தாவரப் புரதம் செரிமானத்தில் சிறிது குறைவதால் பருப்பைச் சற்றுத் தாராளமாகவே சேர்க்கலாம். சிறுநீரக நோய் உடையோர் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவைக் கடத்தலாகாது.

புலால் உண்ணாவிட்டால் வலிமை ஏது என்று பள்ளியில் கேட்கப்படும் பிள்ளைகள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அவர்கள் சினவாமல் இக்கணக்கைச் சொல்லலாம். ஆனால் அக்கணக்கு சொல்லிலும் ஏட்டிலும் மட்டும் இருந்து, தட்டில் சோறும் ரசமுமாக முடிந்தால், கேட்டவர் சொன்னதே மெய்யாகிவிடும். இன்று இல்லம் திரும்பி உலையேற்றும்போது, மூன்று பிடி அரிசிக்கு ஒரு பிடிப் பருப்பு சேர்ந்ததா என்று பார்த்தல் நலம். அக்கணக்குத் தவறாத இல்லத்தில் உயிரிரக்கமும் உடல்நலமும் ஒருசேர நிலைபெறும்.

வாழ்க வையகம்; வளர்க நல்லறம்.